மடி சுடுகிறதா?

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற கால்நடை டாக்டர்களே, மருந்துப் பெட்டியைத் திறந்ததும் உங்கள் கை முதலில் எந்தப் புட்டிக்குப் போகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். மூளை யோசிப்பதற்கு முன்பே கை போய்விடும். என் கை பல வருஷம் டெக்ஸாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு ஊசி என்ன செய்யும் என்று உங்களுக்குக் கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். வீக்கத்தை வற்றவைக்கும், காய்ச்சலை இறக்கும், படுத்த மாட்டை எழுப்பி நிறுத்தும். கல்லூரியில் சொல்லாத ஒன்றும் உண்டு. திண்டிவனம் பக்கத்து ஊர்களில் டாக்டருக்கு வைக்கிற பரீட்சை அது. காலையில் ஊசி போட்டால் சாயந்திரம் மாடு அசை போடவேண்டும். போட்டால் நீங்கள் கைராசிக்காரர். போடாவிட்டால் மறுநாள் வேறு ஆளைக் கூட்டி வந்துவிடுவார்கள். அந்தப் பரீட்சையில் ஃபெயில் ஆகாமல் இருக்க எல்லோரும் செய்தது ஒன்றுதான். என்ன நோயாக இருந்தாலும் ஆன்டிபயாடிக்கோடு கொஞ்சம் டெக்ஸாவையும் சேர்த்துப் போட்டுவிடுவோம். நானும் போட்டேன். எனக்குக் கைராசிக்காரி என்று பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தச் சின்னப் புட்டிதான்.

ஓய்வு பெற்று இப்போது விழுப்புரத்தில் வீட்டோடு இருக்கிறேன். இதைச் சொல்ல இனி எனக்கு என்ன பயம்? ஆனால் வேலையில் இருந்தபோதே ஒரே ஒருவரிடம் சொல்லவேண்டி வந்தது. அப்போது பயந்துதான் சொன்னேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மருந்தகத்திலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம் போனால் வரும் ஊரில் அஞ்சலை என்று ஒருவர் இருந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். சொந்தமாக ஒரே ஒரு கலப்பினப் பசு. செந்நிறம், அதனால் பெயர் செவலை. அந்த வட்டாரத்தில் அஞ்சலை மாதிரிப் பால் கறக்கிறவரை நான் பார்த்ததில்லை. முரட்டு மாடுகூட அவர் உட்கார்ந்தால் அசையாமல் நிற்கும். அக்கம்பக்கத்தில் யார் வீட்டு மாடு உதைத்தாலும் அஞ்சலையைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் செவலைக்கு மடி வீங்கிவிட்டது. ஒரு காம்பின் பக்கம் மட்டும் கல்லு மாதிரி, தொட்டால் சுட்டது. கடுமையான காய்ச்சல். தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடிநோய் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஆன்டிபயாடிக் போட்டேன். கூடவே, கேட்காமலேயே என் கை டெக்ஸாவுக்குப் போனது.

சாயந்திரம் அஞ்சலையே போன் பண்ணினார். "மேடம், அசபோடுது மேடம்! காய்ச்சலே இல்ல. சாமி மாரி வந்தீங்க."

மறுநாள் போய்ப் பார்த்தேன். வீக்கம் குறைந்திருந்தது. நன்றாக வேலை செய்கிறதே என்று இன்னொரு முறையும் டெக்ஸா போட்டேன். போகிற போக்கில் ரத்தமும் பாலும் எடுத்து, ஐஸ் வைத்து, விழுப்புரத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் அங்கிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் லேப் டெக்னீஷியன். என் பெண்ணைவிடச் சின்னவள்.

"மேடம், ரத்தத்துல வெள்ளையணு ரொம்ப ஏறியிருக்கு..."

"அப்பாடா, உடம்பு எதிர்த்து நிக்குது. சரிம்மா" என்று போனை வைத்துவிட்டேன். அவள் 'ஆனா பால்ல...' என்று ஆரம்பித்தது காதில் விழத்தான் செய்தது. வாசலில் ஆறு மாடுகள் நின்றன. எனக்குப் பொறுமை கிடையாது, அது ஊரறிந்த விஷயம்.

நான்காம் நாள் காலையில் அஞ்சலை வீட்டுக்குப் போனபோது செவலை படுத்திருந்தது. மடியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அந்தக் காம்பின் பக்கம் நீலம் பாரித்துக் கறுத்துப்போயிருந்தது. இனி என்ன ஊசி போட்டும் பிரயோசனமில்லை என்று கைக்குத் தெரிந்தது. இருந்தும் போட்டேன். மத்தியானத்துக்குள் மாடு போய்விட்டது.

இந்த இடத்தில் நான் செய்ததை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுற்றிலும் பத்துப் பேர் நிற்கிறார்கள். முந்தாநாள் வரை என்னைச் சாமி என்றவர்கள். எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். ஏதாவது சொல்லியாகவேண்டும். எப்போதும் வாங்க போங்க என்று பேசுகிற நான் அன்றைக்கு அஞ்சலையைப் பார்த்து ஒருமையில் கேட்டேன்: "கைய கழுவிட்டுத்தான் கறந்தியா?"

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் கறப்பதற்கு முன் கிருமி போகப் பொட்டாஷ் தண்ணீரில் கை கழுவுவதை என் கண்ணாலேயே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த வாரம் மீட்டிங்குக்காக விழுப்புரம் போனேன். ஆய்வகத்துக்குள் நுழைந்து, வெள்ளையணு ஏறியிருக்கிறது என்று சொன்னாயே, மாடு செத்துவிட்டதே என்று அந்தப் பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு சிலைடுகளை எடுத்து வைத்தாள். "உக்காந்து பாருங்க மேடம்" என்றாள்.

முதல் சிலைடு ரத்தம். எங்கு பார்த்தாலும் வெள்ளையணுக்கள். இரண்டாவது, அதே மாட்டின் பால். கிருமி கொத்துக் கொத்தாக இருந்தது. அதைத் தின்ன வேண்டிய செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன.

"ஸ்டீராய்டு போட்டிருந்தீங்களா மேடம்?"

நான் சிலைடிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன்.

"நடவுக்கு ஆளுங்க வந்து எறங்கிட்டாங்க மேடம். ஆனா அத்தினி பேரும் பஸ் ஸ்டாண்டுலயே நின்னுக்கினு இருக்காங்க. வயல்ல ஒருத்தருமில்ல. பஸ் ஸ்டாண்டுல தலைய எண்ணிட்டு நடவு நடக்குதுன்னு நெனச்சிட்டோம். அன்னிக்கு போன்ல அதத்தான் சொல்ல வந்தேன்."

இவ்வளவுதான் விஷயம். கிருமி புகுந்த இடத்துக்கு வெள்ளையணு போகவேண்டுமென்றால் ரத்தக்குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அதன் இடுக்கு வழியாக வெளியே நுழையவேண்டும். டெக்ஸா அந்தப் பிடியையே தளர்த்திவிடுகிறது. பிடி இல்லாத செல் ரத்தத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணிப் பார்த்தால் நிறைய இருப்பதுபோல் தெரியும். மடியில் சண்டை போட ஆள் இருக்காது. வீக்கம், சூடு, வலி எல்லாம் அந்தச் சண்டையின் சத்தம். நான் சத்தத்தை நிறுத்திவிட்டு, சண்டையில் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன். இதையெல்லாம் நான் படித்துப் பாஸ் பண்ணியவள்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னிடம் அந்தச் சுரைக்காய் ஏட்டிலேயே காய்ந்துபோயிருந்தது.

செவலையை அந்த ஊசிதான் கொன்றது என்று கோர்ட்டில் யாரும் நிரூபிக்க முடியாது. கிருமியும் பொல்லாதது. டெக்ஸா போடாமல் இருந்தாலும் போயிருக்கலாம். ஆனால் போடாமல் இருந்திருந்தால் அதற்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் கையை அடக்கினேன். சாயந்திரப் பரீட்சையில் பலமுறை ஃபெயில் ஆனேன். 'மேடத்துக்கு வயசாயிடுச்சி, கைராசி போயிடுச்சி' என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அஞ்சலை வீட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. போகவேண்டிய வேலை வராதது நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து வந்தது. செவலை விட்டுப்போன கிடேரிக் கன்று வளர்ந்து முதல் ஈற்று ஈன்றிருந்தது. சிட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஈன்று பத்து நாளில் மடி வீங்கிவிட்டது. அதே மாதிரி ஒரு காம்பின் பக்கம், அதே காய்ச்சல். போய் நின்றதும் செவலைதான் கண்முன் வந்தது.

அஞ்சலையின் மருமகள் மலர் காம்பைப் பீய்ச்சிக் காட்டினாள். பால் திரிதிரியாக வந்தது. அஞ்சலை நாலடி தள்ளி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பயத்தை மறைக்கக் கிண்டல் பண்ணினேன். "என்னாம்மா, மாமியார் ஆனதும் கறக்கக் கை வலிக்குதா?" அவர் லேசாகச் சிரித்தார்.

முதலில் ஆய்வகத்துக்கு அனுப்பப் பால் மாதிரி எடுத்து வைத்தேன். மாடு நிறையத் தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, ஆன்டிபயாடிக்கும் மெலாக்சிகமும் போட்டேன். மெலாக்சிகம் வலியையும் காய்ச்சலையும் குறைக்கும், வெள்ளையணுக்களின் கையை டெக்ஸா மாதிரிக் கட்டிப்போடாது. அதற்காக அதையும் தண்ணீராக நினைத்து ஊற்றிவிடாதீர்கள். நீர் வற்றிக் கிடக்கிற மாட்டுக்குப் போட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும். முக்கியமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் காம்பைச் சுத்தமாகப் பீய்ச்சி வெளியேற்றச் சொன்னேன்.

பெட்டியை மூடும்போது அஞ்சலை கேட்டார்.

"மேடம், இதோட அம்மாவுக்குப் போட்டீங்களே, அந்த ஊசியும் போட்டுடுங்க. அன்னிக்கு சாயந்திரமே அசபோட்டுச்சே."

என் பெட்டியில் அந்தப் புட்டி இருந்தது. "அது இப்ப ஸ்டாக் இல்லம்மா" என்றேன்.

அதுவரை கதவோரம் நின்ற அவருடைய கொழுந்தன் ஏழுமலை முன்னால் வந்தார். "பேரு மட்டும் சொல்லுங்க மேடம்" என்றார். பெயர் வாயில் வரவில்லை என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நிம்மதியோடு வீடு போய்ச் சேர்ந்தேன்.

அன்று சாயந்திரம் சிட்டு அசை போடவில்லை. மறுநாள் காலையில் நான் போனபோதும் போடவில்லை. தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வீட்டு முன்னால் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஏழுமலை வண்டியிலிருந்து குதித்து இறங்கினார். கையில் ஒரு சின்னப் புட்டி.

"கெடச்சிடுச்சி மேடம்! அன்னிக்குப் போட்ட காலிப் புட்டிய அண்ணி பரண்ல வச்சிருந்தாங்க. அத எடுத்துக்கினு திண்டிவனம் பூரா மெடிக்கல் மெடிக்கலா அலைஞ்சேன். ஜல்தியா போடுங்க மேடம்."

செவலைக்குப் போட்ட புட்டியை இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். மாட்டை ஒரு சாயந்திரம் எழுப்பி நிறுத்திய மருந்தாயிற்றே.

ஏழுமலை புட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. போட்டுவிடலாம்: சாயந்திரத்துக்குள் எல்லோரும் சிரிப்பார்கள், அதற்கப்புறம் சிட்டுவின் தலையெழுத்து. இன்னொரு பொய் சொல்லலாம்: நான் தெருவைத் தாண்டியதும் யாரையாவது கூப்பிட்டுப் போட்டுக்கொள்வார்கள். மூன்றாவது வழி எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் அது ஒன்றில்தான் மாடு பிழைக்க வழி இருந்தது.

"ஸ்டாக் இருக்குதும்மா" என்றேன் அஞ்சலையிடம். "நேத்து நான் பொய் சொன்னேன். இந்த ஊசி வீக்கத்தக் கொறைக்கும், காய்ச்சல எறக்கும். ஆனா கிருமியோட சண்ட போடற செல்லுங்கள மடிக்குள்ள போவ வுடாது. செவலைக்கு ரெண்டு நாள் போட்டேன். வெளிய நல்லாயிட்ட மாரி தெரிஞ்சிது, உள்ள அழுவிக்கினு இருந்துச்சி. அது தப்பு. நான் பண்ண தப்பு."

ஏழுமலை புட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ "அடப்பாவமே" என்றார்கள். வசவு வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அஞ்சலை மெதுவாகக் கேட்டார். "அப்ப என் கை இல்லியா மேடம்?"

"என்னா கை?"

"நீங்கதான கேட்டீங்க, கைய கழுவிட்டு கறந்தியான்னு. அன்னிலருந்து நான் மாட்டத் தொடறதில்ல. எனக்கே தெரியாம என் கையில ஏதோ இருக்குது, அதான் செவல போயிடுச்சின்னு... இவளத்தான் கறக்க வுடறேன். அக்கம்பக்கத்துல கூப்ட்டாலும் போறதில்ல."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் ஒரு டாக்டர் அழக்கூடாது என்பார்கள், அழுதேன். "உன் கையில ஒண்ணுமில்ல அஞ்சலை" என்றேன். இந்த முறையும் ஒருமைதான் வந்தது. "நீ கழுவறத நான் எத்தினி வாட்டி பாத்திருக்கேன். தெரிஞ்சேதான் கேட்டேன். என் மேல பழி வந்துடக்கூடாதுன்னு கேட்டேன்."

அவர் கொழுந்தனைப் பார்த்து, "அத மேடம்கிட்டயே குடுத்துடு" என்றார். மலரைப் பார்த்து, "பொட்டாஷ் தண்ணி கொண்டா" என்றார். முழங்கை வரை கழுவினார். கழுவிய கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சிட்டுவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நெற்றியை அதன் விலாவில் சாய்த்து, வீங்கிய காம்பில் கை வைத்தார். அதுவரை யார் கிட்டே போனாலும் காலைத் தூக்கிய மாடு அசையாமல் நின்றது.

கிளம்பும்போது அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "மடி சுடுதான்னு தொட்டுப் பாத்துக்கினே இருங்க. சுடற வரைக்கும் உள்ள சண்ட நடக்குதுன்னு அர்த்தம். மாடு எழுந்துக்காம இருக்கறப்ப மடியும் சில்லுன்னு போனா, ஒடனே கூப்புடுங்க."

அன்று முழுக்க, மறுநாள் முழுக்க, ஒவ்வொரு முறை பீய்ச்சிய பிறகும் போன் வந்தது. வணக்கம் கிடையாது, விசாரிப்பு கிடையாது. "சுடுது மேடம்." கட். மீட்டிங்கில் இருந்தபோது வந்தது, குளித்துக்கொண்டிருந்தபோது வந்தது. யாராவது என் போனை எடுத்திருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஆய்வகத்துப் பெண் கூப்பிட்டாள். வாசலில் மாடுகள் நின்றன. இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் முடிக்கும் வரை கேட்டேன். எந்த ஆன்டிபயாடிக் அந்தக் கிருமிக்குக் கேட்கும் என்று சொன்னாள். நான் போட்டதுதான். கடைசியில் சிரித்துக்கொண்டே, "பாலு சிலைடு பாத்தேன் மேடம். வயல் நெறைய ஆளுங்க" என்றாள்.

நான்காம் நாள் காலை போன் வந்தது. "சூடு எறங்கிடுச்சி மேடம்" என்றார் அஞ்சலை. நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டேன். அடுத்த மூச்சிலேயே சொன்னார்: "மடி மெத்துனு இருக்குது. மல்லாட்டக் கொடிய ஒரு கட்டு தின்னுட்டு, படுத்துக்கினு அசபோடுது."

ஏழுமலை வாங்கி வந்த அந்தப் புட்டியை நான் குப்பையில் போடவில்லை. சில மாதம் கழித்து, வேறொரு ஊரில் ஊசி ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் வீங்கி மூச்சுக்குத் திணறிய ஒரு எருமைக்கு அவசரத்தில் கொடுத்த மருந்துகளோடு அதுவும் போயிற்று. எருமை பிழைத்துக்கொண்டது. மருந்து எப்போதும் நல்ல மருந்துதான். ஆகவே டெக்ஸாவைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொன்னதாக வெளியில் சொல்லாதீர்கள். எதற்குப் போடுகிறோம், மாட்டுக்கா, சாயந்திரம் நம்மைப் பார்க்கப் போகிற மனிதர்களுக்கா என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைத்துவிடும். ஆய்வகத்திலிருந்து போன் வந்தால் முழுசாகக் கேளுங்கள். தப்பு செய்தால், சொல்லவேண்டியவரிடம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு வருஷம் தாமதித்தேன். அந்த இரண்டு வருஷத்தையும் அனுபவித்தது நான் இல்லை.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒரு காலை அந்த வழியாகப் போனபோது அஞ்சலை வீட்டில் வண்டியை நிறுத்தினேன். சிட்டு இரண்டாவது ஈற்று ஈன்றிருந்தது. நான்கு காம்பிலும் பால். மலர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"என்னாம்மா, நீ கறக்கலியா?" என்றேன்.

"எங்க மேடம்! அத்த என்ன மாட்டு பக்கமே வுடறதில்ல."

உள்ளே குவளையில் பால் விழுகிற சத்தம் கேட்டது. அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை. "அடுத்த வூட்டு மாடு வேற காத்துக்கினு இருக்குது, அப்பறம் பேசலாம் உக்காருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் கறந்துகொண்டிருந்தார்.